உடன் சென்று வந்தவர்

வருஷத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஆறாம் நம்பருக்கு மேடை கிடைக்கும். சமூகப் பணித் துறையில் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்து, இந்தப் படிப்புக்கு அப்புறம் என்ன வேலை என்று ஒரு வாரம் ஆள் மாற்றி ஆள் பேசுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர், சிறுவர் இல்லத்திலிருந்து ஒருவர், தொழிற்சாலையிலிருந்து ஒருவர். அதில் ‘கல்லூரிகளில் சமூகப் பணியாளருக்கு உள்ள வாய்ப்புகள்’ என்கிற தலைப்பு பன்னிரண்டு வருஷமாக அவளுக்குத்தான். வேறு யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை என்பதும் உண்மை.

ஆறாம் நம்பர் என்பது அவள் பேரில்லை. மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டி இருக்கிற அறையின் நம்பர். கதவில் ‘மாணவர் ஆலோசகர்’ என்று பலகை தொங்கினாலும், மனசு சரியில்லாத பிள்ளையிடம் கூட்டாளிகள், “பேசாம ஆறாம் நம்பர்கிட்ட போய்ட்டு வா” என்றுதான் சொல்வார்கள். மேலே யாராவது படியில் ஓடினால் அவள் மேஜையில் டம்ளர் ஆடும். காலை பத்தரைக்கு மோட்டார் போட்டால் பேச்சு நின்றுவிடும். அழ வேண்டிய பிள்ளைகள் பத்தரை மணி பார்த்துத்தான் வருவார்கள். அந்தச் சத்தத்தில் எவ்வளவு அழுதாலும் வெளியே கேட்காது.

மேடையில் அவள் கரும்பலகையில் ஐந்து கோடு போடுவாள்.

“எழுதிக்கோங்க. ஒண்ணு, கவுன்சிலர். கதவைச் சாத்தினா உள்ள என்னமோ நடக்குதும்பாங்க, திறந்து வெச்சா ஒரு பிள்ளையும் வராது. ரெண்டு, ஹாஸ்டல் வார்டன். தூக்கம் பிடிக்கும்னா அந்தப் பக்கமே போகாதீங்க. மூணு, உதவித்தொகைப் பிரிவு. விண்ணப்பம், நகல், நகலுக்கு நகல். நாலு, ஃபீல்டு ஒர்க் சூப்பர்வைசர். ஊரெல்லாம் சுத்தலாம், செருப்புக்குத்தான் கேடு. அஞ்சு, லெக்சரர். அதுக்கு டாக்டர் பட்டம் வேணும், பொறுமை வேணும், எங்க ஹெச்.ஓ.டி. மாதிரி குரல் வேணும்.”

பிள்ளைகள் சிரிப்பார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் துறைத்தலைவியும் சிரிப்பாள். அந்தத் துறைத்தலைவி வேறு யாருமில்லை, ஆறாம் நம்பரின் கூடப் பிறந்த அக்கா.

அக்காவும் தங்கையும் ஒரே படிப்பு. அக்கா மேலே படித்து டாக்டர் பட்டம் வாங்கி வகுப்புக்குப் போனாள். தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சமூகப் பணியாளராகச் சேர்ந்தாள். யாரும் பார்க்க வராத நோயாளிக்கு ஆளைத் தேடிப் பிடிப்பது, மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுவது, வீட்டுக்குப் போக மாட்டேன் என்பவரை வீட்டுக்குப் போகவைப்பது என்று ஓடிக்கொண்டிருந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. இன்னும் இரண்டு வருஷத்தில் நிரந்தரமாகியிருக்கும். அக்காதான் விடவில்லை.

“அந்த பினாயில் நாத்தத்துல எத்தனை நாள்டி கெடப்பே? எங்க காலேஜுக்கு வா. இப்போதைக்கு கான்ட்ராக்ட்தான். நான் இருக்கேன்ல? உன்னை நிரந்தரமாக்கறது என் பொறுப்பு.”

அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று வந்துவிட்டாள். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு, மறுபடி கையெழுத்து. இப்படியே பன்னிரண்டு கையெழுத்து ஆகிவிட்டது. ஆலோசகர் வேலையோடு, பிள்ளைகளைக் களப்பணிக்குக் கூட்டிப்போய்ப் பழக்குகிற வேலையும் அவள் தலையில்தான்.

வீடும் ஒன்றுதான். கீழே அக்காவும் மகளும். அக்கா வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை, மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மாடியில் ஒற்றை அறை ஆறாம் நம்பருக்கு. கல்யாணம் கில்யாணம் என்று அவள் போகவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். அடுப்பு பொது. காலையில் அக்கா சமைப்பாள், தங்கை பாத்திரம் தேய்த்துத் துணி துவைப்பாள். மூன்று டிபன் பாக்ஸ் வரிசையாக நிற்கும். மூன்று ஆப்பிளை எடுத்து, ஒவ்வொன்றையும் எட்டாக நறுக்கி, நறுக்கிய சுவடு தெரியாமல் திரும்ப ஒட்டவைத்து, சுற்றி ஒரு ரப்பர் பேண்டு போடுவாள் அக்கா. அப்படிச் செய்தால் மத்தியானம் வரைக்கும் கறுக்காது. “உங்க அக்காவுக்கு ஆப்பிளைக்கூட அவுத்துவிட மனசு வராது” என்பார் அவள் வீட்டுக்காரர்.

இந்த வருஷம் மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் கல்லூரி ஓர் அறிவிப்பு ஒட்டியது. மாணவர் நல அலுவலர், ஓர் இடம், நிரந்தரம். வயது நாற்பத்தைந்துக்குள். களப்பணி மேற்பார்வையில் பத்து வருஷ அனுபவம் இருக்க வேண்டும், அதைத் துறைத்தலைவர் எழுதி உறையில் ஒட்டி நேராக முதல்வருக்கு அனுப்ப வேண்டும். இதுவரை செய்த ஆலோசனை வேலையைப் பற்றி இரண்டு பக்க அறிக்கை. அப்புறம் நேர்காணல்.

ஆறாம் நம்பருக்கு வயது நாற்பத்து நான்கு முடிந்து ஐந்து மாதம். இதை விட்டால் அடுத்தது கிடையாது. அலுவலகத்தில் இருக்கிற அட்டெண்டர் அறிவிப்பை ஒட்டிவிட்டு நேராக இவளிடம்தான் வந்தார்.

“மேடம், இது உங்க அளவுக்குத் தெச்ச சட்டை. போட்டுட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி. மேல மூணாவது மாடியில ரூமாம். ஜன்னல் ரெண்டு!”

“ஜன்னல் இருக்கட்டும், மோட்டார் சத்தம் இருக்குமா அங்க?”

“மோட்டாரா? அங்க எதுக்கு மேடம்?”

“என் பிள்ளைங்க எங்க போய் அழும்?” என்று அவள் கேட்டதற்கு அட்டெண்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு மாலை வீட்டுக்குப் போகும்போது அந்த மூன்றாவது மாடி ஜன்னலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

இந்த இடத்தில் குட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குட்டி என்பது அக்கா மகள். வீட்டில் கூப்பிடுகிற பேர். இருபது வயது, அதே கல்லூரியில் கணிதம் இரண்டாம் வருஷம். அறிவிப்பு வருவதற்கு நாலு மாதம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மோட்டார் போட்ட கையோடு ஆறாம் நம்பர் அறைக்கதவில் வந்து நின்றாள். கையில் டிபன் பாக்ஸ். ரப்பர் பேண்டை விரலில் மாட்டி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னடி குட்டி, கிளாஸ் இல்லையா?”

“ஃபாரம் குடுங்க மேடம்.”

“என்னது?”

“சித்தின்னு வந்தா நீங்க அம்மாகிட்ட சொல்லிடுவீங்க. அதான் ஸ்டூடன்ட்டா வந்திருக்கேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான உக்காருவாங்க? எனக்கும் குடுங்க.”

சொந்தக்காரரைக் கேஸாக எடுக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். ஆறாம் நம்பருக்கு அது தெரியாதா என்ன. “நான் வேற யார்கிட்டயாவது அனுப்பறேன்டா” என்றாள்.

“இந்தக் காலேஜ்ல வேற யாரு இருக்கா?”

ஒருவரும் இல்லைதான். ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தாள். குட்டி வரி விடாமல் படித்தாள். ‘நான் இங்கு பேசுவது என் அனுமதியின்றி யாருக்கும் தெரிவிக்கப்படாது’ என்ற இடத்தில் விரலை வைத்து, “யாருக்கும்னா யாருக்கும்தான?” என்று கேட்டாள். “உசுருக்கு ஆபத்துன்னா சொல்லுவேன். மத்தபடி யாருக்கும்தான்” என்றாள் இவள். கையெழுத்துப் போட்ட பிறகு குட்டி அழுதாள். பரீட்சை ஹாலில் மூச்சு முட்டி, கண் இருட்டி, இரண்டு தாளை வெள்ளையாகவே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதிலிருந்து வகுப்புக்குள் கால் வைக்க முடியவில்லை. வீட்டிலிருந்து கிளம்பி வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, மணியடித்ததும் அம்மாவோடு வீட்டுக்குப் போகிறாள்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்தேன். அம்மா எல்லாத்தையும் சரிபண்ண ஆரம்பிச்சிடுவாங்க. நானே சொல்றேன், ஆனா இப்ப இல்ல. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி சொல்லிடறேன்.”

செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தாள். அறைக்குள் மேடம், வீட்டில் சித்தி. இரண்டையும் ஒருநாள்கூடக் குழப்பவில்லை, கெட்டிக்காரி. மூன்றாவது மாதம் வகுப்பு வாசல் வரை போனாள். நாலாவது மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டரிடமும் ஒரு தடவை போய் வந்தாள். வீட்டில் அக்கா பரிமாறும்போது, “குட்டி இப்பல்லாம் நல்லா சாப்பிடறா பாரு” என்று பூரித்துப்போவாள். ஆறாம் நம்பர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். அக்கா கையால் சாப்பிட்டுக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை.

அவளுடைய நோட்டுகளில் எந்தப் பிள்ளையின் பேரும் இருக்காது. முதல் நாள் வரும்போது கையில் என்ன இருந்ததோ அதுதான் பேர். குடை, உடைந்த கண்ணாடி, நீலப்பை, பஸ் டிக்கெட். நோட்டை நடுரோட்டில் போட்டாலும் எவனுக்கும் ஒன்றும் விளங்காது என்று அவளுக்கு ஒரு பெருமையே உண்டு. குட்டியின் பேர் ரப்பர்.

நேர்காணலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. அக்கா மாடிக்கே வந்தாள், கையில் டீ.

“அறிக்கை எழுதிட்டியா?”

“எழுதறேன். எத்தனை பேரு, என்ன பிரச்சனை, என்ன ஆச்சுன்னு கட்டம் போட்டுக் கேக்கறாங்க. எனக்கு அந்தக் கட்டம்தான் வரமாட்டேங்குது.”

“உனக்கு என்னிக்குக் கட்டம் வந்துச்சு? நோட்டைக் குடு, நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன்.”

ஆறாம் நம்பர் கொஞ்சம் தயங்கினாள். அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

“ஏய், பேரு ஒண்ணும் இருக்காதுல்ல?”

“பேர் இல்ல.”

“அப்புறம் என்னடி? இந்தப் பாடத்தைப் பிள்ளைங்களுக்கு நடத்தறதே நான்தான். எண்ணிட்டுத் திருப்பித் தந்துடறேன்.”

சமூகப் பணி படித்தவள், துறைத்தலைவி, கூடப் பிறந்தவள். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஐந்து நோட்டையும் தூக்கிக் கொடுத்தாள். அக்கா அதைப் புடவைத் தலைப்பால் மூடி, நனையாமல் கீழே கொண்டுபோனாள். இவளுக்கு அப்போது மனசு நிறைந்துதான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அறிக்கை வந்துவிட்டது. இரண்டு பக்கம், அழகான கட்டங்கள், பன்னிரண்டு வருஷத்தில் எழுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். நோட்டுகளையும் அடுக்கிக் கொடுத்துவிட்டாள். “தலைவலி” என்று சொல்லி அக்கா சீக்கிரம் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆறாம் நம்பர் டிபன் பாக்ஸைத் திறந்தபோது ஆப்பிள் முழுசாக இருந்தது. நறுக்கவில்லை, ரப்பர் பேண்டும் இல்லை. பாவம், அக்காவுக்கு இன்னும் தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அப்படியே கடித்துச் சாப்பிட்டாள். செவ்வாயும் முழு ஆப்பிள். புதனும் முழு ஆப்பிள். இத்தனை வருஷம் எழுநூறு பேர் முகத்தைப் படித்தவளுக்கு ஓர் ஆப்பிளைப் படிக்கத் தெரியவில்லை, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்காணல். முதல்வர் அறையில் நாலு பேர். வெளியிலிருந்து வந்த நிபுணர் அம்மாள் ஒருவர், நன்றாகத்தான் பேசினார். முதல் அரைமணி நேரம் பிரமாதமாகப் போனது. மோட்டார் கதையைச் சொன்னபோது முதல்வர்கூடச் சிரித்துவிட்டார். அப்புறம் ஓர் உறையைப் பிரித்தார்.

“களப்பணி மேற்பார்வை பன்னிரண்டு வருஷம்னு எழுதியிருக்கீங்க. துறைலேர்ந்து வந்த சான்று வேற மாதிரி இருக்கேம்மா.”

தாளை இவள் பக்கம் தள்ளினார். அக்காவின் கையெழுத்து, அக்காவின் முத்திரை. நடுவில் மூன்றே வரி. ‘மேற்படியார் பன்னிரண்டு ஆண்டுகளாகக் களப்பணி மாணவர்களுடன் உடன் சென்று வந்தவர். மேற்பார்வை, மதிப்பீடு ஆகியவை துறை ஆசிரியர்களால் மேற்கொள்ளப்பட்டன.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். உடன் சென்று வந்தவர். செங்கல் சூளைக்கும் முதியோர் இல்லத்துக்கும் குப்பைமேட்டுக் குடியிருப்புக்கும் வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தவள் அவள். எப்படிப் பேசுவது, எங்கே வாயை மூடுவது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். ஒவ்வொரு சனிக்கிழமையும் களப்பணி நோட்டை வரி வரியாகத் திருத்தியவளும் அவள்தான்.

“சார், ரெக்கார்டு நோட்டெல்லாம் இருக்கு. ஒவ்வொரு பக்கத்துலயும் என் கையெழுத்து இருக்கும்...”

சொல்லும்போதே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் அவள் போட்டது பென்சில் கையெழுத்து. முதல் வருஷமே அக்கா சொல்லியிருந்தாள்: “நீ கான்ட்ராக்ட்டு. பேனாவுல போட்டா ஆடிட்ல கேப்பாங்க. நீ பென்சில்ல போடு, நான் அதுமேல பேனாவுல போட்டுடறேன்.” பன்னிரண்டு வருஷமும் அப்படித்தான். தேடிப் பார்த்தால் எல்லா நோட்டிலும் அக்கா கையெழுத்துத்தான் இருக்கும்.

நிபுணர் அம்மாள் மெதுவாகக் கேட்டார். “ஹெச்.ஓ.டி. உங்க சொந்த அக்காதானே?”

“ஆமா.”

“அக்கா தங்கச்சிக்குக் கூட்டி எழுதினா நாங்க சந்தேகப்படலாம். குறைச்சு எழுதினா நம்பத்தானே வேண்டியிருக்கு?”

அவள் தாளைத் திரும்ப முதல்வர் பக்கமே தள்ளினாள். வெளியே வந்து படியிறங்கி ஆறாம் நம்பர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மோட்டார் போட இன்னும் நேரம் இருந்தது. அதனால் அழவில்லை.

சாயங்காலம் வீட்டில் அக்கா சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கொடியில் காயாத துணி தொங்கியது. ஜன்னல் வழியே சாரல் அடித்தது. ஆறாம் நம்பர் நனைந்த செருப்போடு அப்படியே வந்து நின்றாள்.

“அக்கா, ஏன் அப்படி எழுதினே?”

அக்கா நிமிரவில்லை. “எப்படி எழுதினேன்?”

“கூடப் போய்ட்டு வந்தவள்னு.”

“போய்ட்டு வந்ததான?”

“அக்கா!”

“கத்தாத. ஒரு வார்த்தை பொய்யா எழுதலை. கையெழுத்தெல்லாம் யாரோடது? ஆசிரியர்களோடது. நீ ஆசிரியரா?”

“பென்சில்ல போடச் சொன்னது யாரு? நீதான சொன்னே? நான்தான செஞ்சேன் அத்தனையும்? உனக்குத் தெரியாதா? எனக்கு நாப்பத்தஞ்சு ஆகப்போகுதுக்கா. இதுதான் கடைசின்னு தெரியாதா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

அக்கா ஒரு பட்டாணித் தோலைப் பிளந்தாள். உள்ளே இருந்ததைக் கிண்ணத்தில் போட்டாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஐந்து நாளாக அழுதிருக்கிறாள் என்று இவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“‘ரப்பர். நாலாவது முறை. ஆப்பிளைப் பிரிக்கவே இல்லை, மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பேண்டைக் கழற்றினால் எல்லாம் சரிந்துவிடும் என்றாள்.’ நீ எழுதினதுதான? பேரு இல்லடி, பேரு இல்ல. இந்த ஊர்ல எட்டா நறுக்கின ஆப்பிளுக்கு ரப்பர் பேண்டு போடறவ எத்தனை பேரு இருக்கா?”

 அந்த ஆப்பிள் தினமும் ஆறாம் நம்பர் டிபனிலும்தான் இருந்தது. உலகத்தில் எல்லா ஆப்பிளும் அப்படித்தான் இருக்கும் என்பதுபோல அவள் அதை எழுதிவிட்டிருந்தாள்.

“நாலு மாசம்,” என்றாள் அக்கா. “எம் பொண்ணு சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்திருந்திருக்கா. நான் மாடில கிளாஸ் எடுத்துட்டு இருந்திருக்கேன். மூச்சு முட்டிருக்கு, டாக்டர்கிட்ட போயிருக்கா. நீ இங்க உக்காந்து என் கையால சோறு வாங்கித் தின்னுட்டு, ‘குழம்பு நல்லாருக்கு’ன்னு சொல்லிட்டு இருந்திருக்கே. எப்படிடி முடிஞ்சுது உன்னால?”

“அவ கையெழுத்துப் போட்டுட்டு வந்தாக்கா. இருபது வயசுப் பொண்ணு. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். நீதான பாடம் நடத்தறே இதை?”

“வகுப்புல நடத்தறது ஊரான் புள்ளைக்குடி! அவ என் வயித்துல பொறந்தவ! நீ எனக்கு யாரு? தங்கச்சியா, மேடமா?”

“தேறிட்டு வர்றாக்கா. கிளாஸுக்குப் போறா. ரிசல்ட்டுக்கு முன்னாடி அவளே சொல்றேன்னா. இன்னும் பத்து நாள்தான் இருந்துச்சு.”

“எனக்கு மட்டும் கடைசியில சொல்லுவீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து. நான் ஆப்பிள் நறுக்கறதுக்குத்தான் இருக்கேன்.”

“கோவம்னா என்னை அடிச்சிருக்கலாம்ல? வீட்டை விட்டுப் போன்னு சொல்லியிருக்கலாம்ல? அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல? அஞ்சு நாள் பேசாம இருந்து, உறையில ஒட்டி அனுப்பினியே...”

“நீ நாலு மாசம் பேசாம இருந்தே,” என்றாள் அக்கா. “எனக்கு அஞ்சு நாள்கூடத் தாங்கலை.”

அப்போதுதான் இரண்டு பேரும் வாசல் பக்கம் பார்த்தார்கள். குட்டி நின்றுகொண்டிருந்தாள். குடையை மடக்கக்கூட இல்லை, அதிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

அக்கா எழுந்தாள். மடியிலிருந்த பட்டாணியும் தோலும் கீழே கொட்டின. “குட்டிம்மா, இங்க வாடா. எனக்கு எல்லாம் தெரியும். நான் பாத்துக்கறேன். நாளைக்கே பெரிய டாக்டர்கிட்ட போலாம், உங்க ஹெச்.ஓ.டி.கிட்ட நான் பேசறேன்...”

குட்டி அம்மாவைப் பார்க்கவே இல்லை.

“நோட்டைக் குடுத்தீங்களா சித்தி?”

“பேர் இல்லாமத்தான்டா இருந்துச்சு. எண்ணிக்கைக்குத்தான் குடுத்தேன். அறிக்கைக்கு...”

“எந்த அறிக்கைக்கு? வேலைக்கா?”

ஆறாம் நம்பர் வாயைத் திறந்தாள். ஆமாம் என்பதைத் தவிர வேறு எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

“யாருக்கும்னா யாருக்கும்தானன்னு கேட்டேன்ல?” என்றாள் குட்டி. குரல் உயரவே இல்லை. “அம்மாகிட்ட நானே சொல்றதுக்குத் தினமும் கண்ணாடி முன்னாடி சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு இருந்தேன். நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க அப்படிப் பாக்கச் சொல்லி. நேத்திக்குத் தடுமாறாம முழுசா சொல்லிட்டேன் தெரியுமா?”

குடையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா கதவைத் தட்டினாள். இவள் தட்டவில்லை. தட்டுகிற உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே இறைந்து கிடந்த பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள்.

வேலை யாரோ வெளியூர்க்காரருக்குப் போனது. அடுத்த வாரமே ஆறாம் நம்பருக்குப் பதின்மூன்றாவது கான்ட்ராக்ட் வந்தது. அட்டெண்டர்தான் கொண்டுவந்தார், முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைத்தார். ‘தொடர்ந்து பணியாற்றப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று அக்கா தன் கையால் எழுதியிருந்தாள். வேலையைப் பிடுங்கியிருந்தால்கூட ஒருவிதத்தில் மேல். இருந்த இடத்திலேயே, மாடிப்படிக்குக் கீழேயே வைத்துவிட்டாள். எங்கே போட வேண்டும் என்று அட்டெண்டர் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். இதை மட்டும் பேனாவில் போடச் சொன்னார்கள்.

அதே வாரம்தான் அந்த வருடாந்திர மேடையும் வந்து தொலைத்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பயந்து மேடையேறினாள். அக்கா முதல் வரிசையில், எப்போதும் உட்காருகிற நாற்காலியில். இவள் ஐந்து கோடு போட்டாள். கவுன்சிலர், வார்டன், உதவித்தொகை, களப்பணி, லெக்சரர். ஜோக்குகளையும் சொன்னாள், பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்தார்கள். கடைசியில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“மேடம், நாம வேலை பாக்கற காலேஜ்லயே நமக்குத் தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க கவுன்சிலிங்குக்கு வந்தா எடுக்கலாமா?”

“எடுக்கக் கூடாது,” என்றாள் ஆறாம் நம்பர்.

“வேற கவுன்சிலரே இல்லைன்னா?”

இவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினாள். அக்கா மடியிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“இல்லைன்னாலும் எடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளை வாசல்ல நின்னு அழுதாலும் எடுக்கக் கூடாது. எழுதிக்கோங்க.”

எல்லோரும் குனிந்து எழுதினார்கள். அக்கா தலைமையுரை என்று எழுந்து, கணீரென்ற குரலில் நன்றி சொன்னாள். “நம் துறையுடன் பல ஆண்டுகளாக உடன் பயணிப்பவர்” என்று இவளைக் குறிப்பிட்டாள். கைதட்டினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. ஒரு வாரமாகக் குட்டி அவளோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு மோட்டார் ஓடி நின்றதுதான் மிச்சம். வீட்டில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்கிற சத்தம் கீழேயிருந்து ஒன்றிரண்டு தடவை கேட்டது. அது போதும் என்று இவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம். குட்டியின் நடை, இவளுக்குத் தெரியாததா. கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினாள். குட்டி கடைசிப் படிக்கு இரண்டு படி கீழேயே நின்றுவிட்டாள். நன்றாகத்தான் இருந்தாள், தலை வாரி, முகம் கழுவி.

“குட்டி, வாடா, உள்ள வா.”

“இல்ல, இருக்கட்டும்,” என்றாள் குட்டி. “சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு. அம்மா கூப்பிடச் சொன்னாங்க. வாங்க மேடம்.”

சொல்லிவிட்டு, நிதானமாகத் திரும்பிப் படியிறங்கிப் போனாள்.